கிளட்ச்சை மிதித்த கால்

கோயமுத்தூரில் எலும்பு மருத்துவமனையின் நடைகூடத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எப்படிங்க உழுந்தீங்க?" நான் உள்ளதைச் சொன்னேன். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். கிளட்ச்சை மிதித்தேன். வண்டி நிற்காமல் போய்த் தண்ணீர்த் தொட்டியில் முட்டியது, நான் வாய்க்காலில் விழுந்தேன். கேட்டவர்கள் அத்தனை பேரும் என் முகத்தை விட்டுவிட்டு என் இடது காலைப் பார்த்தார்கள்.

இதே நிலையில் படுத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எலும்பு கூடிவிடும். அந்தப் பார்வையைத் தாங்குவதுதான் கஷ்டம்.

அன்னூர் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. மரங்களுக்கிடையே புல் வெட்ட, டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் சுழல்கத்தி இயந்திரம் ஒன்றை வெள்ளகோவிலில் பழையதாக வாங்கியிருந்தேன். அதைச் சுற்றுவது பி.டி.ஓ. (டிராக்டரின் பின்புறம் சுழன்று, மாட்டிய கருவிக்கு இன்ஜின் சக்தியைக் கொடுக்கும் தண்டு). ஓட்டிய முதல் நாளே, முதல் வரிசை முடிவிலேயே இப்படி ஆகிவிட்டது. பிரேக்குக்குக் கால் போவதற்குள் தொட்டி வந்துவிட்டது. முறிந்தது ஃபிபுலா (கெண்டைக்காலின் வெளிப்பக்கச் சிற்றெலும்பு), அதுவும் இடது காலில்.

மருத்துவர் இளையவர், நல்ல பொறுமைசாலி. கட்டுப் போட்டுவிட்டு மெல்லக் கேட்டார்.

"கிளட்ச்ச மிதிச்சீங்களா, இல்ல மிதிச்ச மாதிரி இருந்துச்சுங்களா?"

"நல்லாத்தானுங்க மிதிச்சேன்."

"சில பேருக்குக் கால் நகந்த மாதிரி தோணும், நகந்திருக்காது. எதுக்கும் பாத்துரலாங்க."

பார்த்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள். தலையை ஒரு குழாய்க்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். நரம்புக் கடத்தல் சோதனை (காலில் சின்னதாக மின்சாரம் விட்டு, மூளையின் சேதி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது) செய்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. என் மனைவி சரசுவுக்கு அதன் பிறகுதான் கவலையே அதிகமானது.

"அப்ப இன்னும் கண்டுபுடிக்கலீங்களாட்ட இருக்குது" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆப்பிளும் சத்துமாவு டப்பாவுமாகச் சொந்தம் திரண்டு வந்தது. ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்றார். இன்னொருவர் வயசு என்றார். எனக்குச் சாதகமாகப் பேசிய ஒரே ஆளும் "கண்ணு மயங்கியிருக்கும்" என்றார். டிராக்டர் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வண்டிக்குத்தான் வயசே ஆகாதே.

சரசு டிராக்டர் சாவியோடு மொபெட் சாவியையும் எடுத்து வைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த பிறகும் தரவில்லை. தோப்பைக் குத்தகைக்கு விட்டு, டிராக்டரை அவள் தம்பி சின்னச்சாமிக்குக் கொடுத்துவிடுவது என்று என் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினார்கள். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருக்கலாம். இல்லை, விழித்திருந்தால் மட்டும் என்ன என்றும் நினைத்திருக்கலாம்.

எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. தலையணையைக் கட்டில் காலோடு சாய்த்து வைத்து, அதைக் கிளட்ச்சாக நினைத்து மிதித்துப் பார்ப்பேன். மிதிபட்டது. ஆனால் அன்றைக்கு மிதித்தேனா? நாளாக ஆக எனக்கே உறுதியில்லாமல் போனது. உக்கடத்தில் பஸ் மாறும்போது ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். ஒரு வார்த்தை மறுக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

புல் முழங்கால் உயரம் வளர்ந்ததும் சின்னச்சாமி வந்தான். வேட்டியோடு வந்தவனைச் சரசு உடை மாற்றி வர அனுப்பினாள்; சுழல்கிற தண்டு வேட்டியைப் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுத்துச் சுற்றிவிடும். என் பேண்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி வண்டியில் ஏறினான்.

"மாமா, நல்லாப் பாத்துக்குங்க. கிளட்ச்சுனா இப்படி மிதிக்கோணும்" என்றான்.

வரிசை முடிவில் மிதித்தான். வண்டி நிற்காமல் போய், புதிதாகப் பூசிய தொட்டியில் முட்டியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேண்ட் பின்னால் கிழிந்துவிட்டது. அவன் இறங்காமலே கத்தினான்:

"மிதிச்சனுங்க மாமா! சத்தியமா மிதிச்சனுங்க!"

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கைத்தடியை, வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே விட்டுவிட்டுத் தொட்டி வரைக்கும் நடந்திருக்கிறேன். அங்கே போன பிறகுதான் அது தெரிந்தது.

சரசு தம்பியின் காலைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். பிறகுதான் வண்டியைப் பார்த்தாள். "ரெண்டு பேருக்குமா கால் வெளங்காமப் போகும்?" என்று சொல்லிவிட்டு டிராக்டர் பட்டறைக்குப் போன் போட்டாள். பட்டறைக்காரர் ஒன்றுதான் கேட்டார்:

"ஓவர்ரன்னிங் கிளட்ச் மாட்டியிருக்கீங்களா அம்மணி?"

மாட்டவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. எங்களுடையது பழைய வகை டிராக்டர். கிளட்ச்சை மிதித்தால் இன்ஜின் விலகிவிடும், ஆனால் பி.டி.ஓ.வும் சக்கரங்களும் ஒன்றோடொன்று சேர்ந்தேதான் இருக்கும். கனமான கத்தி சுற்றின வேகத்தில் சுற்றிக்கொண்டே தண்டைச் சுழற்றும், தண்டு சக்கரத்தைச் சுழற்றும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஓவர்ரன்னிங் கிளட்ச் (தண்டில் மாட்டும் சின்ன இணைப்பு, கத்தியின் வேகம் வண்டிக்குத் திரும்பி வராமல் தடுப்பது) சைக்கிளின் ஃப்ரீவீல் மாதிரி. மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றும், பெடல் சும்மா நிற்கும். இயந்திரத்தை விற்றவருடையது புது வகை டிராக்டர், அதற்கு இது தேவைப்படவில்லை. ஆக, வண்டிக்கு இருந்த நோய்க்கு என் தலையைப் படம் எடுத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது மருத்துவரிடம் சொன்னேன். அவர், "எங்கப்பாவும் டிராக்டர் வெச்சிருக்காருங்க. அதோட பேரு என்னன்னு சொன்னீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அதை மாட்டி, தண்டுக்கு மூடியும் போட்ட பிறகு சரசு சாவியைக் கொடுத்தாள். வரிசை முடிவில் மிதித்தேன். வண்டி நின்றது. பின்னால் கத்தி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் இன்ஜினை அணைத்ததும் குதித்துவிடுவேன். இப்போது கத்தி முழுக்க ஓயும்வரை திரும்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இடது முழங்காலைத் தடவிக்கொடுத்து ஏதோ சொல்லிக்கொண்டிருப்பேன் போலிருக்கிறது.

ஒரு நாள் வரப்பில் டீயோடு நின்ற சரசு கேட்டாள்: "ஆருகிட்டங்க பேசிட்டிருக்கறீங்க?"

"எத்தனையோ நாளா ஆருமே நம்பாத ஒருத்தருகிட்ட. நானே நம்பல."

அவள் கொஞ்ச நேரம் என்னையும் காலையும் பார்த்தாள்.

"செரி, அவரையுங் கூட்டிட்டு வாங்க. டீ ஆறுது."