வடைத்தாளில் போன முடிவு

நேற்று என் மகள் நான் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துவிட்டாள். அவளுக்கு ஒன்றரை வயது. நான் கத்தியதில் அவள் பயந்து அழுதாள். அவள் அழுததில் நான் பயந்துபோனேன். சமாதானப்படுத்தித் தூங்கவைத்து, மூச்சு சீராக வருகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ஆறிப்போன டீயோடு உட்கார்ந்தபோதுதான் நான் கிழித்த புத்தகம் நினைவுக்கு வந்தது. ஒரு தாள் அல்ல, பதினோரு தாள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வீடு தென்காசியில். சாரல் காலத்தில் மட்டும் அப்பா குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் டீக்கடை போடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் உதவிக்குப் போவோம். அம்மா டீ போடுவாள். வடை வைத்துக் கொடுக்கத் தாள் கிழிப்பது என் வேலை. எடைக்கு வாங்கிய பழைய நோட்டுகளும் புத்தகங்களும் கட்டுக்கட்டாகக் கிடக்கும். முன்னட்டையை முழங்காலால் அழுத்திக்கொண்டு பின்னாலிருந்து கிழிக்க வேண்டும். அப்போதுதான் தாள் கோணாமல் வரும். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அம்மா நூலகப் புத்தகத்தைக் கடைக்கும் கொண்டுவருவாள். பால் காய்கிற நேரத்தில் நின்றபடியே வாசிப்பாள். "புஸ்தகம் எங்கயும் ஓடிப்போவாது, பாலு ஓடிரும். அதப் பாருட்டி" என்பார் அப்பா. பால் பலமுறை ஓடியிருக்கிறது.

வாசித்தவரைக்குமான கதையை பஸ்ஸில் எனக்குச் சொல்லிக்கொண்டு வருவாள். அந்த வாரக் கதையில் ஓர் அக்கா, ஒரு தங்கை. ஏதோ சண்டையில் பல வருடங்களாகப் பேச்சில்லை. கடைசியில் தங்கை கிளம்பி வந்து அக்கா வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்.

"அக்கா தொறந்தாளாம்மா?"

"இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. இன்னைக்குப் பாத்துருவோம்."

அன்று காற்று திசை மாறி, சாரல் கடைக்குள்ளேயே அடித்தது. புத்தகம் நனையாமலிருக்க அம்மா அதைத் தார்ப்பாய்க்கு அடியில் இருந்த பழைய தாள் கட்டின் மேல் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அப்பா "தாளு, தாளு" என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தார். கைக்கு வந்ததை எடுத்துக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன். தலை துவட்டிக்கொண்டே வடை தின்ற ஒருவர் கையிலிருந்த தாளில் ஊதா நிறத்தில் நூலக முத்திரை தெரிந்தது.

என் முழங்காலுக்கு அடியில் பார்த்தேன். அம்மாவின் புத்தகம். பின்பகுதி இல்லை.

ஓடிப்போய் அவரிடம் தாளைக் கேட்டேன். "நான் தின்னு முடிச்சாச்சு பாப்பா, இனி நீ படி" என்று எண்ணெயோடு நீட்டினார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். குப்பைக் கூடையில் இன்னொன்று கிடைத்தது. அதில் எழுத்தே தெரியவில்லை. மற்றவை கடையோரத்து ஓடையோடு போய்விட்டன.

அம்மா அடிக்கவில்லை. மீதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து மூடினாள். "கையக் கழுவிட்டு வேன்காரருக்கு டீயக் கொண்டு குடு" என்றாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்கென்று இருந்த ஒன்றை நான் வடைக்குக் கொடுத்துவிட்டேன் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடவே பயம். பள்ளிக்கூடப் புத்தகத்தைக்கூட விரல் நுனியால் புரட்டினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா டீ டம்ளரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவ தொறந்தாளா இல்லையான்னு தெரியாம எனக்கு வேல ஓட மாட்டங்கு. நீதானட்டி கிழிச்ச? நீயே எழுதிக் குடு."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தங்கச்சிக்காரி கதவு முன்னால நிக்கா. எவ்வளவு நேரந்தான் அங்கன நிப்பாட்டி வைப்ப?"

பாவமாக இருந்தது. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். அடித்து அடித்து எழுதி, மூன்று சாயங்காலம் ஆனது. டீக்கடைக்காரர் மகளுக்கு வேறென்ன தோன்றும்? அக்கா கதவைத் திறந்தாள். "நனைஞ்சிட்டியே, டீ குடிக்கியா?" என்று கேட்டாள். தங்கை, "சீனி கம்மியாப் போடு" என்றாள். அவ்வளவுதான் முடிவு.

நூலகத்தில் அம்மா என்ன சொல்லிச் சமாளித்தாள் என்று எனக்குத் தெரியாது. அந்த வாரமே கையில் வேறு புத்தகத்தோடு வந்தாள். அடுத்த ஞாயிறு முதல், திட்டுவார் என்று நான் பயந்த அப்பா, ஒவ்வொரு தாள் கட்டையும் தானே பிரித்துப் பார்த்த பிறகுதான் என்னிடம் கொடுத்தார்.

இன்று நான் நாலு வரி எழுதுகிறேன் என்றால் அதற்கு அந்தக் கணக்கு நோட்டுதான் காரணம். நானானால் என் மகளிடம் அப்படிக் கேட்டிருப்பேனா என்று நேற்று முழுக்க யோசித்தேன். கத்தத்தான் செய்தேன்.

நான் எழுதிக் கொடுத்த அன்று அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசித்தாள். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். "அந்த முடிவுக்கு இது எவ்வளவோ தேவலட்டி" என்றாள்.

கிழிந்த முடிவை அவள் முன்பே வாசித்திருந்தாளா, அல்லது வாசிக்காமலே என் மனசுக்காகச் சொன்னாளா? இரண்டில் எது என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அன்றோ, கேட்பதற்கு அப்படி ஒன்று இருக்கிறது என்பதே தெரியாமல், நோட்டை வாங்கிக்கொண்டு அடுத்த கதை எழுத ஓடிவிட்டேன்.