பெட்டியில் வந்த பண்பாடு

துறைத்தலைவர் அம்மா அந்த அட்டைப்பெட்டியைக் காய் நறுக்கும் கத்தியால் கிழித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கத்தி அவருடையதுதான். மதியச் சாப்பாட்டுப் பையில் ஒரு வெள்ளரிக்காயும் அந்தக் கத்தியும் எப்போதும் இருக்கும். நாடாவை அறுத்து, குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளை விலக்கியதும் பச்சை முகமும் சிவந்த உதடுமாக ஒரு கதகளி முகமூடி எங்களைப் பார்த்தது. அதற்குக் கீழே ஓணப் பூக்கோலப் படங்கள், படகுப் போட்டிச் சுவரொட்டிகள், மலையாள எழுத்து அட்டைகள், தங்கக் கரை போட்ட சந்தன நிறச் சேலைகள் நான்கு. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். பெட்டி காலியானதும் அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, "டீ சொல்லும்மா, சர்க்கரை ஜாஸ்தியா" என்றார். சர்க்கரை வியாதிக்காரர் அப்படிக் கேட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறையில் நான் அப்போது கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம் இருந்தது. அம்மா ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். பல முதல்வர்களுடன் சண்டை போட்டு, சிலவற்றில் ஜெயித்து, பலவற்றில் தோற்று, கடைசியில் சண்டைக்கே சலித்துப்போனவர். ஆனால் வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் அந்தச் சலிப்பு தெரியாது. வணிக வரலாறு நடத்தும்போது, கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பையனை எழுப்பி, அவன் வீட்டில் கல்லாவில் உட்கார்ந்து என்னென்ன சொல்லில் பேசுவார்கள் என்று சொல்லச் சொல்வார். நில வரலாறு வந்தால், கூலிக்கு நாற்று நடப் போகும் தாயின் மகள் எழுந்து களத்தில் நெல் அளக்கும் முறையைச் சொல்வாள். பாடப்புத்தகத்தில் இல்லாதவர்கள் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் அடிக்கடி சொல்வார்.

அந்த வகுப்பில் கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். கரியாலூர்ப் பக்கம். விடுதியில் தங்கிப் படித்தாள். அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் வகுப்பு முடியும் நேரத்தில் எழுந்து, "எங்க மலை எந்தப் பாடத்துலங்க மேடம் வரும்?" என்று கேட்டாள். அம்மா புத்தகத்தைப் புரட்டினார். மலையில் ஜாகிர்தார்கள் ஆண்டதும், நாடு விடுதலை அடைந்த பிறகும் நெடுங்காலம் அவர்கள் பிடியிலேயே அது இருந்ததும் அவருக்குத் தெரியும். புத்தகத்துக்குத் தெரியாது. "வர வைக்கறேன்" என்று அவளிடம் சொன்னார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று பின்னாளில் பலமுறை நொந்துகொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கல்லூரிப் பாடங்களில் பன்முகப் பண்பாட்டைக் கொண்டுவர வேண்டுமாம், உங்களிடம் எந்தெந்தச் சமூகத்து மாணவர்கள் படிக்கிறார்கள் என்று எழுதினால் அதற்கேற்ற கற்பித்தல் வளங்களை அனுப்புவார்களாம். அம்மாவின் முகத்தில் அன்று ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். மலைவாழ் மலையாளி மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய வாழ்க்கையையும் வரலாற்றையும் சொல்லும் நூல்களும் படங்களும் வேண்டும் என்று தன் கைப்பட எழுதி அனுப்பினார். கல்வராயன் மலை மக்களுக்கு மலையாளி என்றுதான் பெயர். மலையை ஆள்பவர்கள். காஞ்சிப் பக்கமிருந்து முன்னோர்கள் மலையேறி வந்தார்கள் என்று கதை சொல்வார்கள், தமிழ்தான் பேசுவார்கள், சாமையும் மரவள்ளியும் விளைவிப்பார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது எங்கள் பக்கத்து டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த இடத்தில் 'மலைவாழ்' என்ற சொல்லை யாரோ கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறார். மீதியிருந்த ஒற்றைச் சொல்லுக்குப் பெட்டி கட்டி அனுப்பிவிட்டார்கள்.

திருப்பி அனுப்பிவிடலாம் என்று அம்மா முதல்வர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். முதல்வர் கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் களைப்பு. மதிப்பீட்டுக் குழு வரும் நேரம் அது. "பெட்டி வந்தாச்சு, வாங்கிக்கினோம்னு கையெழுத்தும் போட்டாச்சு. இத காட்டலைன்னா இன்னாத்த மேடம் காட்றது? ஒரு அறைய ஒழிச்சு வைங்க. அந்த மலைப் பொண்ணுங்க நாலு பேருக்குச் சேலைய கட்டி நிக்க வைங்க. பேரும் பொருந்துதுல்ல" என்றார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சுவரில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி நின்றார். அவர் முன்பு போல இருந்திருந்தால் அந்த அறையில் பெரிய சத்தம் கேட்டிருக்கும். அன்று கேட்கவில்லை. வெளியே வந்ததும், "ஒரு மணி நேரக் கூத்து. போய்த் தொலையட்டும்" என்று என்னிடம் சொன்னார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சேலையைக் கொடுத்ததும் அவர்தான். அவள் சேலையையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க சொல்றீங்களேன்னு கட்றேங்க மேடம்" என்றாள்.

குழு வந்தது. வள அறை என்று பெயர் எழுதி ஒட்டியிருந்த அந்த அறையில் பூக்கோலத்துக்குப் பக்கத்தில் அவளும் வேறு வகுப்புகளில் படித்த மலைப் பெண்கள் மூவரும் நின்றார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர் மகிழ்ந்துபோய், அவளிடம் கேரளாவில் உனக்கு எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எந்த ஊர் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. "கரியாலூருங்க" என்றாள். அவர் தலையை ஆட்டி, தான் அங்கே போயிருப்பதாகவும் படகு வீடு மிக நன்றாக இருந்ததாகவும் சொன்னார். மலை உச்சியில் படகு வீடு. சன்னல் பக்கம் கூடியிருந்த மாணவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூச்ச சுபாவம் என்று முதல்வர் விளக்கம் சொன்னார். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. அம்மா அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

அறைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. மறுநாளிலிருந்து வகுப்பில் அவளுக்குச் 'சேச்சி', கேரளத்து அக்கா, என்று பெயர். யாரோ ஒரு பையன் ஆரம்பித்தான், எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. கடைசி ஆண்டு, இன்னும் ஒரு பருவம் எழுதினால் பட்டம். அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களே கிடையாது. வருவாள் வருவாள் என்று பார்த்துவிட்டு அம்மா ஒரு காலையில், "மலைக்குப் போவணும், துணைக்கு வர்றியாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

கச்சிராயபாளையம் தாண்டிப் பேருந்து மலையேறத் தொடங்கியதும் அம்மாவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தவர், ஒரு வளைவில் சன்னல் வழியாக வாந்தி எடுத்தார். இறங்கி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவளுடைய அப்பா மிளகு பறிக்கும் வேலைக்குக் கேரளாவுக்குப் போயிருந்தார். அந்தப் பக்கத்து ஆட்கள் வருடா வருடம் போவதுதான். அம்மாக்காரிதான் இருந்தார். உட்காரப் பாய் போட்டு, தண்ணீர் கொடுத்து, வாந்தி எடுத்தவருக்கு நல்லது என்று நீர்மோரும் கொடுத்தார். குறை வைக்கவில்லை. அதன் பிறகுதான் பேசினார்.

"நானும் அந்தச் சீமைக்கு மொளகு பறிக்கப் போய்க்கினு வந்துக்கினு இருந்தவதாங்க. அங்க போனா எங்கள பாண்டின்னுவாங்க. தமிழாளுன்னு தனியா ஒரு கொட்டாய்ல போட்ருவாங்க. இங்க வந்தா நீங்க மலையாளின்னு சேலை கட்டி வுடறீங்க. எங்க வூடு எங்கதாங்க இருக்குது?"

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. துறைத்தலைவர் அம்மா மோர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கதவோரம் நின்ற பெண்ணிடம், "பரீட்சை மட்டும் எழுதிரும்மா. அப்புறம் உன் இஷ்டம்" என்றார். அவள் "நீங்க சொல்லித்தான் கட்டுனேன்னு அவங்ககிட்ட சொல்லுவீங்களா மேடம்? கிளாஸ்ல?" என்று கேட்டாள். "சொல்றேன்" என்றார் அம்மா. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் கண்ணை மூடியே இருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

மறுநாளே சொன்னார். கடைசி பெஞ்சில் நானும் உட்கார்ந்திருந்தேன். மலையாளி என்றால் நம் மலையில் வாழ்பவர்கள் என்றும், அது தெரிந்திருந்தும் தான்தான் அந்தப் பெண்ணை அந்தச் சேலை கட்டச் சொன்னதாகவும், தன் பதவிக்கும் தன் அலுப்புக்கும் அவளைப் பலி கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். "சிரிக்கணும்னா என்னைப் பார்த்துச் சிரிங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சில நாட்கள் கழித்து, முதல் மணி நேரத்தில் அவள் வாசலில் வந்து நின்றாள். அம்மாவின் முகம் மலர்ந்ததை மறைக்க முடியவில்லை. "வாம்மா, உக்காரு. நான் சொல்லிட்டேன், எல்லாரும் கேட்டாங்க" என்றார்.

"நான் கேக்கலீங்களே மேடம்" என்றாள் அவள், உள்ளே வராமல்.

அம்மா சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். அவருக்கு அன்று காய்ச்சல் வேறு. முதலிலிருந்து, ஒரு வார்த்தை குறையாமல், மறுபடி எல்லாவற்றையும் சொன்னார். அவள் நிலைப்படியில் கை வைத்து முழுவதையும் கேட்டாள். உட்காருவாள் என்று எல்லாரும் இடம்விட்டு நகர்ந்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேக்கத்தாங்க மேடம் வந்தேன். மொளகு பறிக்க அப்பாகிட்ட போறோம், சாயங்காலம் பஸ்ஸு. வர்றேங்க" என்றாள். போய்விட்டாள்.

போகிறேன் என்று சொல்லாமல் வருகிறேன் என்று சொல்லிப் போவது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம். அதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொண்டவர் எனக்குத் தெரிந்து அம்மா ஒருவர்தான். வருகைப்பதிவு எடுக்கும்போது தினமும் அவள் பெயரையும் கூப்பிடுவார். பதில் வராத அந்தச் சிறு இடைவெளியில் வகுப்பு சத்தமில்லாமல் இருக்கப் பழகிக்கொண்டது. சேச்சி என்று முதலில் கூப்பிட்ட பையன் ஒருநாள் எழுந்து, "அவங்க வரலீங்க மேடம்" என்றான். "வரும். வர்றேன்னுதானே சொல்லிட்டுப் போயிருக்குது" என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த பெயருக்குப் போனார். பருவத் தேர்வு வந்தது, முடிந்தது. அவள் வரவில்லை.

இப்போது நான் நிரந்தரமாகிவிட்டேன். பன்முகப் பண்பாட்டை வகுப்பறைக்குக் கொண்டுவரும் வழிகள் பற்றி மாதம் ஒரு இணையவழிப் பயிற்சி நடக்கிறது. காமிராவை அணைத்துவிட்டு, பாதி கேட்டும் பாதி கேட்காமலும் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கல்லூரியில் என்ன வளங்கள் உள்ளன, தட்டச்சு செய்யுங்கள் என்கிறார்கள். ஆண்டு தொடக்கத்தில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மலையாளி என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்கிறேன். அடுத்த ஆண்டு வேறு பிள்ளைகள், மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அலுப்பாக இருக்கிறது, பொய் சொல்வானேன்.

ஓய்வு பெற்ற அம்மா இப்போது உளுந்தூர்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார். லாரிச் சத்தத்தில் தூக்கம் கம்மி என்று போனில் குறைப்படுவார். முட்டிவலி, மழை, மருமகள் சமையல் எல்லாம் பேசி முடித்து, வைக்கப் போகும் நேரத்தில் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"அந்தப் பொண்ணு வந்துச்சாம்மா?"

இல்லை என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. "இன்னும் இல்லீங்க மேடம்" என்கிறேன்.