பொட்டு வைத்த மெஷின்

பார்சலைத் தொடுவதற்கு முன் சாரதாதேவி படம் எடுப்பார். நான்கு பக்கமும் நான்கு படம், விலாசம் ஒட்டிய இடம் தனியாக ஒன்று. இன்று காலையும் கொண்டுவந்த ஆளைக் கதவடியில் மறித்துவிட்டுப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “அத்தாந்தே மிசியூ,” என்று பிரெஞ்சில் பொறுக்கச் சொன்னார், “இன்னும் ஒண்டு.” இரண்டு மாதமாக வழி பார்த்த பெட்டி, சும்மாவா?

ரூ பிலிப்-து-ஜிரார் என்ற பிரெஞ்சுத் தெருவில் ஒரு சேலைக் கடையின் பின்னறையில் பிளவுஸ் தைக்கிறவர். அளவு நாடா எந்நேரமும் கழுத்தில் கிடக்கும், மரக்கறி வாங்கப் போனாலும் கழற்ற மாட்டார். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே பேசுவார். சண்டையும் அப்படித்தான்.

சீட்டெடுத்த காசில், துணி ஓரம் அடிக்கிற மெஷின் ஒன்றை ஜெர்மனிக் கடையொன்றில் இணையத்தில் வாங்கியிருந்தார். வந்த அன்றே சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். புதுச் சாமானுக்கு வேறென்ன செய்வதாம்? ஒன்பதாம் நாள் ஊசி இறுகி நின்றது. ஆவணிக் கல்யாணங்களுக்கு வந்த துணி மேசையில் குவிந்து கிடந்தது. படத்தோடு முறைப்பாடு அனுப்பினார். மெஷினில் சிவப்புக் கறை இருக்கிறது, பாவித்தவரின் பிழை, நாங்கள் பொறுப்பில்லை என்று கடை கையை விரித்தது.

“உதுக்குத்தான் சொன்னனான் அக்கா,” என்றார் சேலைக் கடை முதலாளி பாலச்சந்திரன். “எல்லை தாண்டி வாங்கினா ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது? அதோடை பொட்டு வேறை.”

“பொட்டு இருக்கிறது மூடியிலை. நிண்டது ஊசி. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?”

கறையாம், கறை. ஓரங்களைக் கையால் தைத்துக் கண் பூத்துப்போன ஒரு நாளில்தான், பிளவுஸ் தைக்க வந்த மிருணாளினி வழி சொன்னாள். சட்டத்தரணி ஒருவரிடம் வேலை செய்கிற பிள்ளை. ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த நாட்டுக் கடையில் வாங்கினாலும், பழுதோடு வந்த சாமானுக்கு இரண்டு வருடம் கடைதான் பொறுப்பாம். எல்லை தாண்டிய முறைப்பாடுகளுக்கு இலவசமாக உதவ ஒரு நிலையமும் இருக்கிறதாம். சாரதாதேவி துள்ளி எழுந்தார். அங்கேயே இருவரும் எழுதத் தொடங்கினார்கள்.

“பொட்டைத் துடைச்சிட்டு வேறை படம் எடுப்பமா அன்ரி?”

“ஏன் துடைக்கோணும்? நான் என்ன களவே எடுத்தனான்? உது என்னெண்டு விளங்கப்படுத்தி எழுதும் பிள்ளை.”

எழுதினார்கள். நிலையம் கடையோடு பேசியது. கடிதம் மேல் கடிதம் போனபிறகு கடை இறங்கி வந்தது. பழையதைத் தன் செலவில் எடுத்துப்போய்ப் புதியதை அனுப்பியது.

அதுதான் இந்தப் பெட்டி. பிரித்து, நூல் கோத்து, ஒரு துண்டுத் துணியை ஓட்டிப் பார்த்தார். சரசரவென்று ஓடியது. சத்தம் கேட்டுப் பாலச்சந்திரன் எட்டிப் பார்த்தார்.

“இந்தமுறை பொட்டைப் பெட்டிக்கு வையுங்கோ அக்கா. கரைச்சல் இல்லை.”

சாரதாதேவி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து மேசையில் வைத்தார். குங்குமச் சிமிழைத் திறந்து மெஷினின் நெற்றியில், முன்னையதைவிடப் பெரிதாக, ஒரு பொட்டு வைத்தார். பிறகு கைபேசியை எடுத்து, பொட்டு நடுவில் விழும்படி படம் எடுத்தார்.