பழைய வால்வைக் கேட்ட காளியண்ணன்

கிளீனராக வண்டி ஏறி, மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு பதினாறு லாரிக்கு முதலாளி ஆனவன் நாமக்கல்லில் நான் ஒருவன்தான். என்னை ஏமாற்றியவன் இன்னும் பிறக்கவில்லை. அப்படிப்பட்ட நான் நம்பிய ஒரே ஆள், என் பட்டறை மெக்கானிக், மோகனூர்க் காளியண்ணன்.

எந்தச் சாமானை மாற்றினாலும், கழற்றிய பழசைத் துடைத்து என் முன்னால் வைத்துவிடுவான். பழசைக் காட்டாதவன் புதுசு போடவே இல்லை என்பதுதான் எங்கள் தொழில் கணக்கு.

போன வருஷம் அவனுக்கு மூச்சு வாங்கியது. நானே காரில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இருதய வால்வு ஒழுகுகிறது, நெஞ்சைத் திறந்தால் தாங்கமாட்டார், தொடை ரத்தக்குழாய் வழியாக உள்ளே போய்ச் சரிசெய்யலாம், சும்மா விட்டால் அதிக நாள் இருக்கமாட்டார் என்றார் டாக்டரம்மா.

"ஏனுங்க, பழைய வால்வை எங்கையில குடுத்துருவீங்களா?" என்று கேட்டான் காளியண்ணன்.

"கழட்டவே மாட்டோம் ஐயா. வால்வோட ரெண்டு இதழும் சரியா மூடாம ரத்தம் திரும்பி வருது. ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி ஒரு கிளிப் போடுவோம்."

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றாமல் உள்ளே இருக்கும் வால்வில் வேலை பார்த்தேன் என்று ஒருவன் வந்தால், பட்டறைக்குள்ளேயே விடமாட்டேன்.

வெளியே வந்ததும் காளியண்ணன் சொன்னான்: "நெஞ்சுல தழும்பும் இருக்காது, பழசும் கைக்கு வராது. வேலை நடந்துச்சான்னு எப்படிங்க மொதலாளி தெரியும்?"

"எனக்கும் அதான்டா இடிக்குது" என்றேன்.

கூட வந்திருந்த அவன் மகள் அறிவுச்செல்வி அழுதுகொண்டே கத்தினாள். "ரெண்டு பேரும் இங்க லாரியா வாங்க வந்திருக்கீங்க? எங்கப்பன் உசுருங்க!"

அந்தச் சத்தத்துக்கு வெளியே வந்த டாக்டரம்மா, ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் காளியண்ணன் காதிலேயே மாட்டி, மறுமுனையை அவன் நெஞ்சில் வைத்தார். கேட்டவன் முகம் சுருங்கியது.

"ஏர் ஒழுகறாப்புல புஸ்ஸுங்குதுங்க மொதலாளி."

நானும் வாங்கிக் கேட்டேன். உண்மைதான். வேலை முடிந்ததும் மறுபடி கேட்கக் கொடுக்கவேண்டும் என்ற பேச்சோடுதான் காளியண்ணன் சம்மதித்தான்.

கிளிப் போட்டு முடித்த மறுநாள் பார்த்தால் அவன் தொடையில் ஒரு சின்னக் கட்டு, அவ்வளவுதான். எனக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. ரத்தம் ஓடுவதைத் திரையில் காட்டினார்கள். டிவியில் எதையும் காட்டலாம். மாத்திரை கொடுத்த நர்ஸிடம், "வேலை நடக்காத வண்டிக்கு எதுக்கு சாமி ஆயிலு?" என்று சொல்லிக் காளியண்ணன் வாயை இறுக்கிக்கொண்டான்.

டாக்டரம்மா வந்தார். பேசியபடி அவன் ஸ்டெதாஸ்கோப்பை வாங்கித் தன் நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டான்.

"இன்னும் லேசா ஒழுகுதுங்களே?"

நான் சண்டைக்கு எழுந்துவிட்டேன்.

"ஆமாங்க ஐயா, முழுசா நிக்கல. நெறையக் கொறைஞ்சிருக்கு. இன்னும் இறுக்குனா ரத்தம் போற வழியே சின்னதாயிரும்."

காளியண்ணன் நர்ஸிடம் கையை நீட்டி மாத்திரையை வாங்கி விழுங்கினான்.

"என்றா, நம்பிட்டியா?" என்று கேட்டேன்.

"சுத்தமா நின்னுருச்சுன்னு சொல்லியிருந்தா எந்திரிச்சு ஊட்டுக்கே போயிருப்பேனுங்க. மிச்சத்தை மறைக்காம சொல்றாங்களே, அவங்க வேலை பாத்திருக்காங்க."

இப்போது பட்டறைக்கு வருகிறான். நாற்காலியில் உட்கார்ந்து ஆட்களை விரட்டுகிறான். அவன் நம்பிவிட்டான், நான் அவ்வளவு லேசான ஆள் இல்லை. மாசாமாசம் உள்ளூரில் வேறொரு டாக்டரிடம் அவனைக் கூட்டிப்போய், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒழுகலைக் கேட்டுச் சொல்லச் சொல்கிறேன். கோயமுத்தூர் டாக்டரம்மாவுக்கு இது தெரியாது.