துவைக்கிற கல்லில் படித்த கெமிஸ்ட்ரி

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் நிவேதா ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். எஞ்சினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று அவர்கள் கல்லூரியில் ஒருநாள் கூட்டம் நடத்தி, ஆளுக்கொரு தாள் கொடுத்திருக்கிறார்கள். மூச்சை மெல்ல இழுத்து விடுவது, மனதில் இருப்பதை எழுதிப் பார்ப்பது என்று வரிசையாக அச்சிட்டிருந்தது. கடைசியில், வீட்டிலோ பக்கத்திலோ இருக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள் என்று நான்கு கோடு இடம் விட்டிருந்தார்கள்.

"ஆன்ட்டி, நீங்க காலேஜ் படிக்கிறப்ப ஸ்ட்ரெஸ் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"துணி துவைப்போம்" என்றேன்.

அவள் பேனாவை மூடிவிட்டாள். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு எதையோ நல்லபடியாகச் சொல்லி அனுப்பினேன். யோகா என்று சொன்னதாக ஞாபகம். அவள் போன பிறகு பின்கட்டுக்குப் போய், கால்மிதி துவைப்பதற்காக வாங்கி வைத்திருந்த மஞ்சள் பார் சோப்பை எடுத்து முகர்ந்து பார்த்தேன். எழுபதைத் தாண்டியவள் செய்கிற காரியமா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நான் அவளிடம் சொன்னது நிஜம்.

நான் தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யூ.சி. என்ற ஒரு வருஷப் படிப்பில் சேர்ந்தபோது ஆட்சி மாறியிருந்த புதிது. ஊர்ச் சுவர்களிலெல்லாம் தமிழ் வாழ்க என்று எழுதியிருந்தது. ரயிலடியிலிருந்து கல்லூரி வரைக்கும் தமிழ் வாழ்ந்துகொண்டுதான் இருந்தது. வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாம் இங்கிலீஷ். பதினோரு வருஷம் தமிழில் படித்து, எங்கள் பள்ளியில் முதலாவதாக வந்தவள் நான். வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் என்றால் ஊருக்குள் இல்லை; வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு. அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். உபகாரச் சம்பளம் கிடைத்ததால் அனுப்பினார்கள். பஸ் ஏறும்போது அப்பா சொன்னது ஒன்றுதான். "பயமா இருந்தா திரும்பி வந்துடு. ஆனா பயப்படாத."

நான் பயப்பட்டேன். கெமிஸ்ட்ரி வகுப்பில் ஆசிரியை என்னை எழுப்பி "வாட் இஸ் எ காட்டலிஸ்ட்?" என்று கேட்டார். காட்டலிஸ்ட் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதை எங்கள் பள்ளிப் புத்தகத்தில் கிரியா ஊக்கி என்று படித்து, ஒரு பக்கம் மனப்பாடமும் செய்திருந்தேன். ஆனால் அவர் கேட்பது அதைத்தான் என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்க, ஒன்றும் பேசாமல் நின்றேன். மறுநாளிலிருந்து காலையில் எட்டரை மணி ஆனால் வயிறு வலிக்க ஆரம்பித்தது. கெமிஸ்ட்ரி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகூட எட்டரைக்குச் சரியாக வலித்தது. விடுதிக்கு வருகிற டாக்டரம்மா ரோஸ் நிறத்தில் ஒரு மருந்து கொடுத்தார். அது தித்திப்பாக இருந்தது என்பதைத் தவிர அதனால் வேறு பலன் இல்லை. தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டென்று அப்போது எங்களுக்குத் தெரியாது. உடம்பு சரியில்லை என்போம், அவ்வளவுதான்.

விடுதியில் என் அறையில் இருந்தவள் சாரதா. எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது ஆங்கில அகரவரிசை. இரண்டு பேருக்கும் எஸ் என்ற எழுத்து. வேறு எந்த வரிசையிலும் நாங்கள் அடுத்தடுத்து வந்திருக்க மாட்டோம். பட்டுக்கோட்டைப் பக்கம் அவள் வீட்டுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. கான்வென்டில் படித்தவள். முதல் நாள் என் ஊர்ப் பெயரைக் கேட்டாள். சொன்னேன்.

"எங்க பெரியப்பாவுக்கு அங்கதான் நிலம்" என்றாள். சொல்லிவிட்டுச் சட்டென்று பெட்டியைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

அவளுடைய பெரியப்பா யார் என்று எனக்குக் கேட்காமலே தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் அவ்வளவு நிலம் ஒருவருக்குத்தான் இருந்தது. என் அப்பாவும் அம்மாவும் உழைத்தது அந்த நிலத்தில்தான். அன்றிலிருந்து நான் அவளை 'நீங்க' என்றேன். அவள் என்னை 'நீ' என்றாள். அதற்குமேல் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அவள் நன்றாக இங்கிலீஷ் பேசினாள், நல்ல பவுடர் போட்டாள், ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்னால் வாந்தி எடுத்தாள். கடைசி விஷயம் எனக்குப் புரியவில்லை. இவளுக்கென்ன வந்தது என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன்.

தை மாதம், அறுவடை நேரம். கூலித் தகராறு எங்கள் பக்கமெல்லாம் புகைந்துகொண்டிருந்தது. நிலக்காரர்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுப்பது, உள்ளூர் ஆட்கள் கொடியோடு வரப்பில் போய் உட்காருவது, போலீஸ் வருவது. வேறு ஊர்களில் உயிர்ச்சேதம் ஆகியிருந்தது. என் அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார். முன்வரிசையில் போய் நிற்கிறவர்.

ஒரு நாள் காலை, பஸ்ஸில் வந்து படிக்கும் வகுப்புத் தோழி ஒருத்தி, "உங்க ஊர்ப் பேரு இன்னிக்குப் பேப்பர்ல வந்திருக்கேடி, கலாட்டாவாமே" என்றாள். இடைவேளையில் விடுதிக்கு ஓடினேன். பொது அறையில் பேப்பர் கிடந்தது. முதல் பக்கம் இருந்தது, கடைசிப் பக்கம் இருந்தது, நடுவில் ஒரு தாளைக் காணோம். யாரோ கிழித்து எடுத்திருந்தார்கள். வார்டன் அம்மாவிடம் கேட்டேன்.

"எவளோ பூரிக்கு எண்ணெய் ஒத்த எடுத்திருப்பா" என்றார் அவர்.

இப்போதானால் போனை எடுத்தால் முடிந்தது. அன்றைக்கு எங்கள் தெருவுக்குச் சேதி போக வேண்டுமென்றால் கடுதாசிதான். போய்த் திரும்ப ஐந்து நாள். விடுதியை விட்டு வெளியே போக வார்டனின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால் காரணம் கேட்பார். காரணம் சொன்னால் அறையில் இருக்கும் சாரதாவுக்குத் தெரிந்துவிடும். இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. அப்பா செத்துப்போய்விட்டார் என்று ஒரு மணி நேரம் நினைப்பேன்; அடுத்த மணி நேரம் இல்லை என்று நினைப்பேன். அந்த நேரம் பார்த்து கெமிஸ்ட்ரி மார்க் வந்தது. நூற்றுக்குப் பதினொன்று. படித்தது போதும், ஊருக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்து, டி.சி. கேட்டு விண்ணப்பம்கூட எழுதிவிட்டேன். அதையும் இங்கிலீஷில் எழுத வேண்டியிருந்ததால் மூன்று தாள் வீணானது.

போகிறவள் அழுக்குத் துணியோடு போகக்கூடாது என்று சாயங்காலம் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். விடுதிக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டியும் அதை ஒட்டி இரண்டு கருங்கல்லும் இருந்தன. தாவணியில் சோப்பைத் தேய்த்து, தலைக்குமேல் தூக்கிக் கல்லில் ஓங்கி அடித்தேன். அந்தச் சத்தம் நன்றாக இருந்தது. இன்னொரு தடவை அடித்தேன். அழுக்குப் போன பிறகும் அடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கல்லில் இன்னொரு சத்தம் கேட்டது. சாரதா. அவள் அடித்துக்கொண்டிருந்தது முந்தின நாள்தான் துவைத்து மடித்து வைத்த தலையணை உறை. கண் சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாற்றி மாற்றி அடித்தோம். பிறகு அவள் நிறுத்திவிட்டு, ஈரக்கையைப் பாவாடையில் துடைத்து, இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நாலாக மடித்த பேப்பர்.

"யாரும் சாகல. மொதல்ல அதத் தெரிஞ்சுக்க. எட்டுப் பேரப் புடிச்சிருக்காங்க" என்றாள்.

படித்தேன். எட்டுப் பெயரில் மூன்றாவது என் அப்பா. அப்பா ஜெயிலில் இருக்கிறார் என்று தெரிந்து ஒரு மகள் சந்தோஷப்பட்டது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஈரத்தரையிலேயே உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு அழுதேன். இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. சாரதாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கிழிச்சது நான்தான். புகார் குடுத்தவருன்னு எங்க பெரியப்பா பேரு கீழ இருக்கு பாரு. நீ அதப் படிச்சா ரூம் மாத்தணும்னு கேட்டுடுவியோன்னு பயந்துட்டேன்."

"ரூமா? நான் காலேஜ விட்டே போறேன்."

"எதுக்கு?"

"பதினொண்ணு வாங்கியிருக்கேன்."

"நான் ஒம்போது" என்றாள் சாரதா.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவு இங்கிலீஷ் பேசுகிறவளுக்கு ஒன்பது மார்க் வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் சொன்னாள்: "எனக்கு அவங்க பேசுற வார்த்தையெல்லாம் புரியுது. என்ன சொல்றாங்கன்னுதான் புரியல. பெயிலானா சித்திரையில மாமா பையனோட கல்யாணம். மூணு நாள் சோறு திங்காம கெடந்துதான் இங்க வந்தேன். திரும்பிப் போனா அவ்வளவுதான்."

"எனக்கு விஷயம் தெரியும். வார்த்தைதான் தெரியல" என்றேன். அப்புறம் அவசரமே இல்லாதது போல, "நீ அந்தப் புக்கக் கொண்டா" என்றேன். அவளை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இருவரும் அதைக் கவனித்தோம்.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் கல்லடிக்குப் போனோம். அவள் ஒரு வரியை இங்கிலீஷில் உரக்கப் படிப்பாள். நான் துணியை அடித்துக்கொண்டே அதைத் திருப்பிச் சொல்வேன். பிறகு அது என்ன என்று தமிழில் அவளுக்குச் சொல்வேன். புரியாத வார்த்தை வந்தால் இருவரும் சேர்ந்து அதைக் கத்திக்கொண்டு ஓங்கி அடிப்போம். சல்பியூரிக் ஆசிட் எங்களிடம் நிறைய அடி வாங்கியது. பத்து நாளில் மற்றப் பெண்களும் தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி வரலாறு, ஒருத்தி காதல் தோல்வி. கல்லுக்கு வரிசை நின்றது.

"வாரத்துல ஏழு நாளும் இதுங்க என்னத்தத் துவைக்குதுங்க" என்று வார்டன் அம்மா சமையல்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மாசி முடிவதற்குள் என் இரண்டு தாவணியும் வலை மாதிரி ஆகிவிட்டன.

அதே கெமிஸ்ட்ரி ஆசிரியை திரும்ப என்னை எழுப்பிய நாளில், "மிஸ், தமிழ்ல சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சொன்னேன். கேட்டுவிட்டு, "கரெக்ட். இதையே இங்கிலீஷ்ல நாளைக்குச் சொல்லு" என்றார். மறுநாள் சொன்னேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்திருக்கும். எனக்கு அன்றைக்கு எட்டரை மணி எப்போது போனது என்றே தெரியவில்லை.

பங்குனியில் அப்பா ஜாமீனில் வந்துவிட்டார். வெளியே வந்த நான்காம் நாள் என்னைப் பார்க்க விடுதிக்கு வந்தார். பார்வையாளர் அறையில் பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார், மீசை நரைத்திருந்தது. "சாப்புடுறியா? ஏன் இப்புடி இருக்க?" என்று அவர் என்னைக் கேட்டார். நான் கேட்க வேண்டியதை அவர் கேட்டுவிட்டார்.

அப்போது சாரதா உள்ளே வந்தாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான் வந்தாள். அவள் முகத்தில் அவள் பெரியப்பாவின் மூக்கு அப்படியே இருக்கும். பார்த்தவுடனே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் அந்த வீட்டுக் குழந்தை தெருவில் வந்தால்கூட என் அப்பா வயதுக்காரர்கள் எழுந்து, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். அந்த வீட்டுக் குழந்தைகள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். சாரதா வாசல் பக்கத்திலேயே நின்றாள். எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வாங்க" என்றாள் கடைசியில். "எப்ப வந்தீங்க?"

நான் அப்பாவைப் பார்த்தேன். எழுந்துவிடுவார், எழுந்துவிடுவார் என்று என் உடம்பு முழுக்கக் காத்திருந்தது. அவர் கை துண்டுக்குப் போனது. போய், அங்கேயே நின்றது. பிறகு கையை இறக்கி, நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இப்பதான் வந்தேன் பாப்பா. நில்லாத, ஒக்காரு" என்றார்.

சாரதா உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு மூன்று பேரும் என்ன பேசினோம் என்று கேட்டால் வெயிலைப் பற்றித்தான். அரை மணி நேரம் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

நாங்கள் இருவரும் தேறினோம். இரண்டாம் வகுப்பு. சாரதாவின் கல்யாணம் நான்கு வருஷம் தள்ளிப்போனது. அதுவும் மாமா பையனோடு இல்லை. அவள் இப்போது சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். எனக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிற உத்தியோகமே கிடைத்தது. முப்பத்திரண்டு வருஷம், தமிழும் இங்கிலீஷுமாக.

அந்தக் காலத்தில் இருந்ததில் பாதி இப்போது கிடையாது. பி.யூ.சி. என்ற படிப்பே கிடையாது. அதை நிவேதாவுக்கு விளக்கப் பத்து நிமிஷம் ஆகிறது. பழைய விடுதியை இடித்து மாடிக் கட்டடம் கட்டிவிட்டார்கள். அதற்காகவெல்லாம் நான் பெருமூச்சு விடுகிறவள் இல்லை. போனதே நல்லது என்று நினைக்கிற சிலதும் அதில் உண்டு.

தம்பி மகன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான் என்று சித்திரையில் ஊருக்குப் போயிருந்தேன். வலங்கைமானிலிருந்து என்னை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். வாய்க்கால் மதகில் சாரதாவின் பெரியப்பா வீட்டுப் பேரன் தன் வண்டியோடு நின்றிருந்தான். தம்பி மகன் வண்டியை நிறுத்தி, இறங்காமலே ஒரு காலை மதகுச் சுவரில் ஊன்றிக்கொண்டு, "என்னடா, தண்ணி எப்பத் தொறக்குறாங்களாம்?" என்று கேட்டான். அவனும் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் மட்டும் பின் சீட்டில் கம்பியைப் பிடித்தபடி, இவன் இறங்கிவிடுவானோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கவில்லை. அந்த வீட்டு ஆட்கள் எதிரில் எங்கள் தெருக்காரர்கள் சைக்கிளை விட்டு இறங்கித்தான் போக வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.