இலவசமாகக் கிடைத்த நோட்டுப் புத்தகம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூலிகள் குடியிருந்த லயத்துக் கொட்டகையில் அன்று இருந்தவர்கள்: ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி, தண்டவாள வேலை செய்யும் நான், என் மனைவியின் தம்பி, எங்கள் கூட்டாளிகள் ஒன்பது பேர், வாசலில் என் மனைவி.

கிராணி சிக்கனம் சொல்லிக்கொடுத்தார். பாடமும் இலவசம், ஆளுக்கொரு நோட்டுப் புத்தகமும் இலவசம். ஒரு மாதச் செலவை எழுதிக் கொடுத்தால் திருத்தித் தருவதாகச் சொன்னார்.

எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியும். கள்ளுக்குக் கொடுத்ததை எழுத வெட்கமாக இருந்தது. அதை எழுதாமல் விட்டேன். நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டு கறி, மீன், மகளின் மருந்து எல்லாவற்றையும் விட்டேன்.

"என்ன மச்சான், சாமியாரா போயிட்டீங்களா?" என்று மைத்துனன் சிரித்தான். பிறகு அவனும் அப்படியே எழுதினான்.

"அப்ப நேத்து மீன் தின்னது யாரு, பூனையா?" என்றாள் மனைவி. நான் புத்தகத்தைக் கிராணியிடம் நீட்டினேன்.

கிராணி என் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "இவனைப் பாத்துக் கத்துக்குங்கடா!" எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமைதான்.

புத்தகங்கள் எங்களிடம் திரும்பி வரவில்லை. அவை எங்கள் கூலியை முடிவு செய்யும் வெள்ளைக்கார துரையின் மேசைக்குப் போயிருந்தன. அடுத்த சம்பளத்தன்று கிராணி வந்து, ஒரு குடும்பம் பிழைக்க எவ்வளவு போதும் என்று நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்றார்.

அதுவரை நாள் கூலி ஐம்பது காசு. அன்று முதல் நாற்பது.