உலர்ந்த எடை

நம்பாவிட்டால் போங்கள். அன்று மதியம் தராசுக்குப் பக்கத்தில் நின்றவள் நான்.

அக்கா எங்கள் வார்ப்பாலையில் எஞ்சின் பாகங்களை வடிவமைப்பவள்; நான் அவளுக்கு உதவியாள். அவள் வரைந்த சிலிண்டர் ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல்மூடியை, முதலில் தெர்மாகோலில் துண்டு துண்டாகச் செய்து ஒட்டுவோம். அதன்மேல் பூச்சு பூசி, உலர்த்தி, மணலில் புதைத்து, உருகிய இரும்பை ஊற்றுவார்கள். தெர்மாகோல் ஆவியாகிவிடும். அது இருந்த இடத்தில் இரும்பு அப்படியே உட்கார்ந்துகொள்ளும். பூச்சில் ஈரம் இருந்தால் மட்டும் இரும்பு வெடித்துச் சிதறும்.

"இன்னும் காயல சார், ஊத்தாதீங்க" என்றாள் அக்கா. மேனேஜர் ஊற்றச் சொன்னார். வெடித்தது. அதில் அக்கா செத்துப்போனாள். அவள் வடிவமைப்பில்தான் கோளாறு என்று எழுதிக் கொடுத்தார் அவர்.

இரண்டு மாதம் கழித்து விசாரணை அதிகாரி வந்தார். அதே வடிவமைப்பில் புதிதாக ஒரு ஹெட்டை, இந்த முறை நன்றாகக் காயவைத்து, அவர் கண்ணெதிரே ஊற்ற வேண்டும். வெடித்தால் பழி அக்காவுக்கு. வெடிக்காவிட்டால் மேனேஜருக்கு.

2.10. பூச்சு பூசிய தெர்மாகோல் உருவத்தை எடை போட்டேன். 640 கிராம். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று முறை போட்டேன். 640தான்.

2.35. மறுபடி போட்டேன்... 655.

பூச்சின்மேல் ஈரமாக ஓர் உள்ளங்கைத் தடம். வாசலில் மேனேஜர், வலது கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி.

"சார்... ஈரமா இருக்கு."

"உங்கக்கா வாய் உனக்கும் அப்படியே ஒட்டிக்கிச்சோ? தராசு சரியில்ல. உருவத்த ஊத்த எடுத்துட்டுப் போ."

அதிகாரியிடம் சொல்லாமல் தராசையே பார்த்தேன்.

அப்போது தராசின் எண் தானாக இறங்கியது. 650... 644... 640. தடம் மறைந்தது. உலர்த்தும் விசிறி அணைந்துதான் கிடந்தது.

உருவத்தைத் தூக்கினேன். தராசு காலி.

ஆனால் 15 கிராம் காட்டியது.

3.05. "தள்ளி நில்லு பாப்பா" என்றார் இரும்பு ஊற்றுபவர். "போன தடவ என் புருவமே போச்சு. இன்னும் வீட்டுக்காரிதான் மையில வரைஞ்சு விடுறா."

இரும்பு இறங்கியது.

வெடிக்கவில்லை.

மணலுக்குள்ளிருந்து... ஹ்ஹ்ஹா... ஒரு மூச்சு.

அக்காவின் மூச்சு.

"ஐயோ..!"

மேனேஜர். பத்தடி தள்ளி நின்றவர். வலது கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார்.

நான் தூக்க ஓடவில்லை. மணி பார்த்தேன்.

3.07.

மறுநாள் ஹெட்டை அறுத்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. அக்கா மேல் தப்பில்லை என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்த ஊற்றுபவர் என்னைத் தனியாக அழைத்தார்.

"தோல்ல ஒரு கொப்புளம்கூட இல்ல பாப்பா. ஆனா கைய அவரால தூக்க முடியல. அவ்வளவு கனம்."

எக்ஸ்ரே எடுத்தார்களாம். அந்தக் கையில் ஓர் எலும்புகூட மிச்சமில்லை.

எலும்புகளின் வடிவத்தில், கணுக் கணுவாக... இரும்பு.